நட்சத்திர அச்சுக் கண்ணாடி ஓடு

ஜெபசிங்குக்குக் கூரை வேலை. திருவனந்தபுரத்தில் பழைய ஓட்டு வீடு எங்கே இடிந்தாலும் முதலில் போய் நிற்கிற ஆள். மற்றவர்கள் தேக்குக்கும் பித்தளைப் பூட்டுக்கும் அடித்துக்கொள்ள, இவர் மட்டும் கூரையை அண்ணாந்து பார்ப்பார். இருட்டு அறைக்கு வெளிச்சம் வர, மண் ஓடுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு போட்டிருப்பார்கள். உருகிய கண்ணாடியை அச்சில் இட்டு அழுத்திச் செய்த அந்தக் காலத்துச் சரக்கு. லேசான பச்சை, உள்ளே குமிழி.

மணக்காட்டு வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியில் அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். படுக்கவைத்து அடுக்கினால் விரிசல் விழுமாம், வெந்நீர் ஆகாதாம். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் பாசி எடுப்பார். "நம்ம பிள்ளையளக்கூட இப்பிடிக் குளிப்பாட்டினதில்ல" என்பார் மனைவி பிரேமா.

ஒன்றுக்கு மட்டும் ஜன்னலோரம் தனி இடம். அதன் அடிப்பக்கம் முழுக்க நட்சத்திர அச்சு. அப்படி இன்னொன்றை அவர் எங்கும் பார்த்ததில்லை.

அது வந்த விதம்தான் சரியில்லை. பிரேமா பிறந்து வளர்ந்தது போனக்காடு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்து வரிசை வீடு ஒன்றில் தனியாக இருந்து, தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கிறவர் முத்தாரம்மாள். கூரை ஒழுகுகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஜெபசிங்கைக் கூப்பிட்டார். இவர் ஏறினார், நட்சத்திரத்தைப் பார்த்தார், புத்தி போய்விட்டது.

"கண்ணாடி கீறிட்டு அக்கா. புதுசு போட்டுத் தாரேன்" என்றார். கீறலே கிடையாது. போட்டது பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் ஓடு.

"முன்னவிட வெளிச்சமால்லா இருக்கு" என்று முத்தாரம்மாள் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். அதையும் கூசாமல் குடித்துவிட்டு வந்தார்.

போன மாதம் முத்தாரம்மாள் பிரேமாவுக்கு போன் செய்தார். மெஷினை விற்கப் போகிறாராம், வேண்டுமா என்று கேட்டார். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனார்கள். மெஷின் அந்த பிளாஸ்டிக் ஓட்டுக்கு நேர் கீழே, எப்போதும் போட்டிருக்கிற இடத்தில்தான் இருந்தது. பட்டப்பகலில் அறை மங்கிக் கிடந்தது.

"கண்ணு கேம்ப்புக்குப் போய் நோக்கியாச்சு பிரேமா. ஒரு கேடும் இல்லேன்னு டாக்டர் சொல்லுதாரு. கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். வீட்டுக்கு வந்தா ஊசிக் காது தெரியமாட்டேங்கு. அப்ப மண்டையிலதான் கேடு. எங்கம்மைக்கும் மறதி இப்பிடித்தான் தொடங்கிச்சு. பேத்திக்குப் பால்ல சீனின்னு உப்பைப் போட்டுட்டேன்."

ஜெபசிங் அண்ணாந்து பார்த்தார். வெயிலும் மழையும் தின்ற பிளாஸ்டிக், பழுத்த வெற்றிலை நிறத்தில் பாசி பிடித்துக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் அந்த அம்மாளுக்குக் கூரைமேல் சந்தேகமே வரவில்லை. தன்மேல்தான் வந்தது.

மெஷினை அன்றே எடுத்துப் போகலாம் என்றார் பிரேமா. "அடுத்த வாரம் பாப்போம்" என்று மட்டும் சொன்னார் ஜெபசிங். அங்கேயே உண்மையைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அவரும் அந்த வாரம் முழுக்கத் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டு எடுத்தது ஒரு ஓடு என்றுதான் நினைத்திருந்தார். ஒரு மனுஷியைத் தன் மூளையையே நம்பாதபடி செய்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது. கடைசியில் பிரேமாவிடம் கொட்டினார்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு?" என்றார் பிரேமா.

ஞாயிறு விடிந்ததும் ஓட்டைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து, வித்துரா வழியாக மடியில் வைத்தே கொண்டு போனார். போனதும் கூரையில் ஏறி பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு நட்சத்திரத்தைப் போட்டார். இறங்கி வந்தபோது மெஷின்மேல் வெயில் விழுந்திருந்தது. முத்தாரம்மாள் நூல் நுனியை நாக்கில் நனைத்தார். ஒரே தரத்தில் கோத்துவிட்டார்.

"கீறல்னு சொன்னது பொய்க்கா. ஆசப்பட்டு எடுத்தேன். ஒங்க கண்ணுக்கும் ஒண்ணுமில்ல, மண்டைக்கும் ஒண்ணுமில்ல."

துடைப்பத்தால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். முத்தாரம்மாள் திட்டவில்லை. வித்துராவில் இருக்கும் மகள் அனுஷாவை போனில் அழைத்து, அவர் கையில் கொடுத்தார். "கடைசில சொன்னியே தம்பி, அத எம்மவகிட்டச் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ அம்மைக்கு மறதியொண்ணும் இல்லையா மாமா?"

"இல்ல மோளே."

"உப்பு போட்டதுக்கப்புறம் நான் பிள்ளைய அங்க விட்டதே இல்ல. பேடியாப் போச்சு, பிள்ளைக்கு எதும் ஆயிருமோன்னு பயம். அம்மை கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு, இப்ப கேக்குறதயே விட்டுட்டாங்க."

ஜெபசிங் மன்னிப்புக் கேட்டார். அது போதாது என்று அவருக்கே தெரிந்தது. போனைக் கொடுக்கத் திரும்பினால், முத்தாரம்மாள் பூப்போட்ட துணி ஒன்றை மெஷின்மேல் விரித்து, கையில் டேப்போடு உட்கார்ந்திருந்தார்.

"போனை வச்சிராத தம்பி. பிள்ளைக்கு இப்ப என்ன அளவு வரும்னு கேளு. எனக்குத் தெரியாது."