ஏழு நாற்பது படகு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு எங்கள் மாட்டுங்கா வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். கையில் காகிதப் பொட்டலம். உள்ளே துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்த ஒரு போர்வை. நீலக் கட்டம் போட்டது. என்னுடையது.

வந்தவர் கண்பத். பரேல் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டுகிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மனைவி கொண்டுவந்த காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, பம்பாய் ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாஹேப், அன்னிக்கு டைம் என்ன இருந்தது? நீங்கதானே எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருந்தீங்க?"

அவருடைய மனைவியின் உயிர் போன நேரத்தைக் கேட்கிறார்.

கொங்கணக் கரையை வண்டியில் சுற்றப் போகிறேன் என்று இந்தப் பத்தியில் கொட்டி முழக்கியிருந்தேன். திரும்பி வந்தபின் ஏன் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று மூன்று வாசகர்கள் கார்டு போட்டுக் கேட்டார்கள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

வண்டி என்னுடையதல்ல, காசிம் பாயுடையது. தாராவியில் தோல் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். திருநெல்வேலிக்காரர். பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்து, உள்ளே இரண்டு படுக்கை, தண்ணீர் டிரம், ஸ்டவ் வைக்க ஒரு மேடை என்று எல்லாம் தன் கையாலேயே அமைத்திருந்தார். வெளியே பச்சை பெயின்ட். ஆனால் பக்கவாட்டில் இருந்த சிவப்புச் சிலுவை மட்டும் பச்சைக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

"ரெண்டு கோட்டு அடிச்சாச்சு சாமி, போவ மாட்டேங்குது. மூட்டைப்பூச்சி லாட்ஜ்ல படுக்கதுக்கு இது தேவலைல்லா? வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போவோம், வாங்க."

ஆபீஸில் பத்து நாள் லீவு எடுத்தேன். தினசரி காலண்டரிலிருந்து பத்துத் தாள்களைக் கிழித்து டைரிக்குள் வைத்துக்கொண்டேன். என் டைரிப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தேதி, கிழமை, திதி... அப்புறம் எழுந்த நேரம், கிளம்பிய நேரம், போன மைல். இருபது வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை.

"ஒண்ணுக்குப் போன நேரமும் எழுதுதியளோ?" என்று கேட்டார் காசிம் பாய்.

"வண்டியை நிறுத்தினா எழுதுவேன் பாய்" என்றேன். மலைப்பாதை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாம் நாள் காலை ஒரு கழிமுகத்தைக் கடந்தோம். பாலம் கிடையாது. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்திருந்தார்கள். வண்டி அதன்மேல் ஏறி நிற்கவேண்டும். நாலு பேர் கழி ஊன்றித் தள்ளுவார்கள். துறையின் கல்படிகளில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு சின்ன உறுத்தல். அன்றைக்கு அஷ்டமி.

"அஷ்டமியிலே ஆத்தைத் தாண்டப்படாதுன்னு சட்டமா சாமி? அப்பம் நீங்க இங்ஙனயே இரிங்க. நான் போயிட்டு நவமி கழிச்சு வாரேன்."

வெட்கப்பட்டுக்கொண்டு ஏறினேன். படகு கிளம்பியது 7.40. அக்கரை சேர்ந்தது 7.50. புறப்பட்ட கரையிலிருந்து மூன்று மைல் பின்னால் தாலுகா ஊரும் ஆஸ்பத்திரியும் இருந்ததையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன். '7.40 படகு' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அந்தக் கோட்டைத்தான் இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஐந்து நாட்கள் செம்பாறை மேடுகளிலும் கடலோரத்திலும் அலைந்தோம். ஊர்களில் வயசான ஆண்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். நடுவயது ஆண்களையே காணோம். எங்கே வண்டியை நிறுத்தினாலும் பெண்கள் வந்து நின்று கேட்பது ஒன்றுதான் — பம்பாயா? எங்கே, லால்பாகா, பரேலா? எங்க வீட்டுக்காரரைத் தெரியுமா? நாம் தினமும் காலையில் கேட்கிற மில் சங்குக்கு, இந்த ஊர்களையெல்லாம் காலி செய்யும் சக்தி இருக்கிறது என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

சனிக்கிழமை விடிகாலை. ஒரு கிராமத்துக்கு வெளியே மேட்டில் நின்றிருந்தோம். காசிம் பாய் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். நான் டைரியின் அன்றைய பக்கத்தில் 'சதுர்த்தசி' என்று எழுதி முடித்தபோது ஓர் ஆள் சரிவில் ஓடிவந்தார். மூச்சு வாங்க, வண்டியின் பக்கவாட்டில் இருந்த சிலுவையைக் கையால் தொட்டார்.

"டாக்டர்? டாக்டர் இருக்காரா?"

அதுதான் கண்பத். லீவில் ஊருக்கு வந்திருந்தார். மனைவி லீலா, ஐந்தரை மணிக்கு மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் எடுக்கப் போனாள். நல்ல பாம்பு. கணுக்காலில்.

டாக்டர் இல்லை, இது ஆம்புலன்ஸும் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காசிம் பாய் ஸ்டவ்வை அணைத்து, பாத்திரங்களை வெளியே வீசி, வண்டியைக் கிளப்பிவிட்டார். என் படுக்கையில் அவளைக் கிடத்தினோம். என் போர்வையைப் போர்த்தினோம். இருபத்தைந்து வயது இருக்கும். பேசினாள். நாக்கு லேசாகக் குழறியது. கண்ணிமை பாதிதான் திறந்தது. கூட கண்பத்தும் அவருடைய அக்கா சகூபாயும் ஏறினார்கள்.

விஷமுறிவு ஊசி, அக்கரைத் தாலுகா ஆஸ்பத்திரியில்தான். இரண்டு வழி என்றார் கண்பத். ஒன்று, மலைப்பக்கம் சுற்றிப் பாலம் வழியாக முப்பத்திரண்டு மைல். இன்னொன்று, கரடுமுரடான மாட்டுவண்டித் தடத்தில் பதினோரு மைலில் படகுத்துறை.

"எது சாமி? சீக்கிரம் சொல்லுங்க."

டைரியைப் பிரித்தேன். கணக்குப் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பாலம் என்றால் ஆஸ்பத்திரிக்கு 8.20. 7.40 படகைப் பிடித்தால் 8.05. கால் மணி நேரம் லாபம்.

"படகு" என்றேன்.

சகூபாய் என்னைப் பார்த்து மராத்தியில் சொன்னாள்: "இன்னிக்கு சௌதஸ். படகு வேண்டாம். பாலத்தில போங்க."

சௌதஸ் என்றால் சதுர்த்தசி. எனக்குச் சட்டென்று புரிந்தது — புரிந்ததாக நினைத்தேன். திதி சரியில்லை, ஆற்றைத் தாண்டக்கூடாது என்கிறாள்! ஆறு நாள் முன்னால் அஷ்டமியன்று நான் நின்று தயங்கிய அதே இடம். காசிம் பாய் என்னைக் கேலி செய்தாரே, அதே கேலி இப்போது என் வாயில் வந்தது.

"உயிர் போற சமயத்தில திதியாம்மா பார்க்கறது?" என்று ஹிந்தியில் அதட்டினேன்.

கண்பத்தும் என் பக்கம்தான். "சும்மா இரு அக்கா. சாஹேப் டைம் எழுதி வெச்சிருக்கார். உனக்கு என்ன தெரியும்?" பதினாலு வருஷம் பம்பாயில் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்குப் படுக்கிறவர். எழுதி வைத்த டைமை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

அவள் மறுபடி ஒரு தடவை சொன்னாள். அப்புறம் லீலாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

6.15க்குக் கிளம்பினோம். காசிம் பாய் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. 7.20க்குக் கடைசித் திருப்பம். இருபது நிமிஷம் கையில் இருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்திகூட எழுந்தது. சொல்ல நா கூசுகிறது... ஆனால் எழுந்தது.

திருப்பத்தில் திரும்பினோம். தண்ணீர் இல்லை.

படிகளுக்குக் கீழே கண்ணுக்கெட்டியவரை கறுப்புச் சேறு. நடுவில், வெகு தூரத்தில், ஒரு மெல்லிய வாய்க்கால். இரட்டைப் படகு ஒரு பக்கம் சாய்ந்து சேற்றில் கிடந்தது. படகுக்காரர்களின் குடிசை பூட்டியிருந்தது. நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எங்கவே ஒம்ம படகு?" என்றார் காசிம் பாய். இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'வே' என்று அழைத்தது அந்த ஒரு தடவைதான்.

அவரும் கண்பத்தும் படுக்கைப் பலகையோடு லீலாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். பத்தடி போவதற்குள் தொடைவரை புதைந்தது. பலகை சரிந்தது. சகூபாய் சேற்றில் முன்னால் ஓடி, அக்கரையைப் பார்த்துக் கைகளை வீசிக் கத்தினாள். அக்கரையில் யாரும் இல்லை. நான் கரையில் நின்றேன். என் கையில் டைரி இருந்தது.

7.45க்கு வண்டியைத் திருப்பினோம். வந்த பதினோரு மைலும் திரும்பிப் போய், அங்கிருந்து பாலத்து ரோட்டைப் பிடித்தோம். லீலாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. மலைச் சரிவில் பாதி ஏறியிருப்போம். பின்னாலிருந்து கண்பத் தகரத் தடுப்பை ஓங்கித் தட்டினார். ஒரு தடவைதான்.

காசிம் பாய் வண்டியை ஓரங்கட்டினார். நான் மணியைப் பார்த்தேன். பழக்கம். 9.10.

யாரும் யாரையும் திட்டவில்லை. சகூபாய் என் போர்வையை லீலாவின் முகம்வரை இழுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் நாங்கள் ஊர் திரும்பும்போது அதே துறையில் மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தண்ணீர் படியை முட்டிக்கொண்டு நின்றது. வண்டியை ஏற்றிய படகுக்காரரிடம், நேற்றுக் காலையில் ஏன் படகு இல்லை என்று கேட்டேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அஷ்டமிக்கு விடிந்தவுடன் கடல் ஏறி, துறையில் வெள்ளம். அப்புறம் ஒவ்வொரு திதிக்கும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப்போகும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் உச்சிப்பொழுது. சதுர்த்தசி காலையில் இங்கே சேறுதான் இருக்கும். சேற்றில் சிப்பி பொறுக்குகிற பெண்கள் அதற்கேற்பத்தான் கூடையை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

"நேத்து உங்க கூட வந்தாளாமே சகூபாய்... அவளும் இங்கே சிப்பி பொறுக்கறவதான்" என்றார்.

வண்டியில் காசிம் பாய் சொன்னார்: "நாந்தான சாமி ஓட்டுனேன். ஒங்களை மட்டும் என்ன சொல்ல?" அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பாலத்து வழியில் போயிருந்தால் 8.20. அவள் 9.10 வரை இருந்தாள். ஐம்பது நிமிஷம். என் கணக்கில் தப்பே கிடையாது.

இந்த ஊரில் நாம் எல்லோரும் இப்படித்தான் ஆகிவிட்டோமோ? 8.12 லோக்கல் நேற்று வந்தது, இன்று வரும், நாளையும் வரும். ஒரு தடவை பார்த்து எழுதிக்கொண்டால் போதும், உலகம் அதன்படி நடக்கும் என்று நினைக்கிறோம். கடலுக்கும் டைம்டேபிள் உண்டு. அது என் டைரியிலேயே, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், என் கையெழுத்திலேயே இருந்தது. எதற்காக எழுதினேன்? முடிவெட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று பார்ப்பதற்கு.

கண்பத் நின்றுகொண்டே காபியைக் குடித்து முடித்தார். எதற்கு நேரம் என்று கேட்டேன். வருஷாவருஷம் திதி கொடுக்கவேண்டும். அன்று காலையில் திதி மாறியதாம். சதுர்த்தசியில் போனாளா, பௌர்ணமி பிறந்தபின் போனாளா என்று ஊர்ப் புரோகிதர் கேட்கிறார். யாரிடமும் கடிகாரம் இல்லை.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"அக்கா என்கிட்டப் பேசறதில்லை சாஹேப்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "நானும்தானே அவளை சும்மா இருன்னு சொன்னேன்."

டைரியை எடுத்தேன். உள்ளே செருகியிருந்த காலண்டர் தாளையும் எடுத்தேன். சதுர்த்தசி காலை 9.32 வரை. உயிர் போனது 9.10. ஒரு துண்டுக் காகிதத்தில் 'சதுர்த்தசி' என்று நாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப்பையில் வைத்து, வணங்கிவிட்டுப் படியிறங்கினார்.

இருபது வருஷமாக நான் எழுதிவரும் திதி, முதல் தடவையாக ஒருவருக்குப் பயன்பட்டது.