ஜெமீலா காவல் இருக்கும் பெட்டி

என் மனைவி ஜெமீலா முப்பத்தைந்து வருடமாக ஒரு இரவுகூடப் புத்தளம் கரைத்தீவுக்கு வெளியே தங்கியதில்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியதில் மன்னாரை விட்டு வெளியேறியபோது எங்கள் தெருவில் அவளுடைய தகரப் பெட்டிக்கு மட்டும்தான் பூட்டு இருந்தது. ஒன்பது குடும்பங்கள் தங்கள் காணி உறுதிப் பத்திரங்களை அதற்குள் வைத்தன. அன்றிலிருந்து அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பிறர் பொருள். உரியவர்கள் வருவார்கள், பிரதி எடுப்பார்கள், திரும்பவும் அவளிடமே தருவார்கள்.

"உங்களுட்ட இருந்தாத்தான் பத்திரம், ராத்தா."

அந்தப் பெட்டியோடு அவள் பஸ் ஏறவும் மாட்டாள், ஆளில்லாத வீட்டில் அதை விட்டுப் போகவும் மாட்டாள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. உடுத்த சாரத்தோடு வந்தவன். இன்று பாலாவியில் உப்பு ஏற்றும் இரண்டு லொறிகள் என் பெயரில் ஓடுகின்றன. எவன் தயவும் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பெட்டிக்கு மட்டும் வழி தெரியவில்லை.

கொழும்பில் தெமட்டகொடையில் இருக்கும் எங்கள் மகள் ஷம்லாவுக்கு ஏழு வருடத்துக்குப் பிறகு பிள்ளை தங்கியது. "உம்மா பக்கத்துல இல்லாட்டி எனக்கு ஏலாது வாப்பா" என்று அழுதாள்.

அதற்காகத்தான் நெட்வேர்க் ஸ்டோரேஜ் வாங்கினேன். பாண் ரொட்டித் துண்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ரவுட்டரில் மாட்டிவிட்டால், அதில் போட்ட கடதாசிகளை எந்த ஊரிலிருந்தும் போனில் பார்க்கலாம். மாட்டித்தர ஆள் அனுப்புகிறோம் என்றார்கள் கடையில். ஆள் எதற்கு? நானே வயர் இழுத்தேன், நானே ரகசியச் சொல் வைத்தேன். ஒன்பது குடும்பத்து உறுதிகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவனும் நான்தான்.

"அப்ப, மகள்ட ஊட்டுல இருந்தும் நான் பாக்கலாமா?" என்று ஜெமீலா கேட்டாள்.

"ஓம். தொலைஞ்சாலும் எரிஞ்சாலும் உரியவங்களுக்குக் காட்ட இது இரிக்கும்."

"அப்ப வாறன்."

ஆனால் மூன்று நாளாகியும் படங்கள் ஏறி முடியவில்லை. எனக்கு விசர் பிடிக்காத குறை. பிறகுதான் கண்டேன்: தினமும் மாலையில் அஸர் தொழுததும் அவள் கறுப்புப் பெட்டியைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள்.

"இது சுவரோடதான் இரிக்கணும், ஜெமீலா!"

"சுவரோட இரிக்கிற சாமானை ஓடுற நேரம் ஆரு தூக்குற? உங்களுக்குத்தான் ரெண்டு லொறி இரிக்கே, சுவரையும் ஏத்துவீங்களா?"

ஒருவழியாக எல்லாம் ஏறியது. பச்சை விளக்கு நின்று எரிந்தது. தகரப் பெட்டியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு காலையில் வேனில் கொழும்புக்குப் புறப்பட்டோம். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பாலாவிச் சந்தியில் ஜெமீலா கை நீட்டினாள். "காட்டுங்க, பாப்பம்."

போனைத் தட்டினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஷஃபீனாவுக்கு அழைத்தேன்.

"இஞ்ச கரண்ட் இல்ல காக்கா. இப்பதான் போச்சு."

"கரண்ட் இப்ப வந்துரும்" என்றேன்.

"வரட்டும். வேனை நிப்பாட்டச் சொல்லுங்க."

"மகள் காத்துக்கிட்டு இரிக்கா!"

"அவளுக்கு நீங்க இரிக்கிறீங்க. அந்த ஒன்பது பேருக்கும் ஆரு?"

இறங்கினாள். எதிர்ப்பக்கத்தில் நின்ற புத்தளம் பஸ்ஸில் ஏறினாள். நான் மட்டும் மகளிடம் போனேன். அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டதாம். அவள் திரும்பிக் கிளம்பவில்லை. கரண்ட் போனாலும் கறுப்புப் பெட்டி நிற்காமலிருக்க, திரும்பி வந்து நான் பாட்டரியும் வாங்கி மாட்டினேன்.

"பாட்டரியும் ஒரு நாளைக்குச் சாகும்தானே" என்றாள்.

கரண்ட் போகும்போதெல்லாம் இப்போது கறுப்புப் பெட்டியின் முன்னால் கதிரை போட்டு, கரண்ட் வரும்வரை பச்சை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளை பெண். ஷம்லா அங்கிருந்தே படத்தை எங்கள் பெட்டிக்குள் போட்டாள். உறுதிகளுக்கு நடுவில் அது வந்து நின்றதும் ஜெமீலா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதை வேற எங்கயாச்சும் எடுத்து வைங்க" என்றாள். "அமானிதத்துக்குள்ள நம்மட சாமான் கலக்கப்படாது."