மஞ்சள் போகும், சிவப்பு நிற்கும்

இருட்டறையில், நுண்ணோக்கிக்குக் கீழே, ஒரே ஒரு செல் ஒளிர்ந்தது. முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் இரண்டு சாயங்களை அதற்குள் செலுத்தியிருந்தேன். மஞ்சள் சிறிய மூலக்கூறு, சிவப்பு பெரியது. சற்று நேரத்தில் பக்கத்துச் செல்லின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியது. சிவப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “கண்ணை எடுத்துடாதீங்கோ,” என்றார் மேடம், நான் எடுத்துவிடப் போகிறவன் போல.

செம்பூர்ப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் அப்போது தொழில்நுட்ப அதிகாரி. உடைந்த முக்காலியைக் கழித்துக்கட்ட எந்தக் கமிட்டி கூட வேண்டும் என்பதுவரை எனக்குத் தெரியும். அங்கே அறிவியலைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம். மேடம் மாட்டுங்காவிலிருந்து வரும் விஞ்ஞானி. தனித்தனியான இளம் தசைச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து எப்படி ஒரே நாராகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. சுவர்கள் கரைந்து ஒன்றாகும் முன்பே அடுத்தடுத்த செல்கள் தங்களுக்கிடையே நுண்ணிய குழாய்களைப் போட்டுக்கொள்கின்றன. ‘கேப் ஜங்ஷன்’ என்பார்கள். அதன் வழியாக உப்பும் சின்னச் சின்ன மூலக்கூறுகளும் போய்வரும். “சின்ன சாமான்தான் போகும். பெரிசெல்லாம் வாசல்லயே நிக்கும்,” என்பார் மேடம். செல்கள் முழுதாக இணைந்த பிறகுதான் சிவப்பும் தடையின்றிப் பரவும்.

அந்தக் குழாய்களை அடைக்கும் மருந்தை, செல் வளர்க்கும் தட்டுகள் சிலவற்றில் சேர்த்தோம். செல்கள் சாகவில்லை. ஒழுங்காக வரிசையில் வந்தன, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு படுத்தன. இணையத்தான் இல்லை, குர்லா வண்டியில் தோளோடு தோள் நசுங்கி நிற்கிறவர்களைப் போல. மருந்தைக் கழுவிவிட்டால் மறுபடி பேசிக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். மேடம் அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். ஆராய்ச்சி வெறி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மாட்டுங்கா வீட்டில் அவரும் அவருடைய அண்ணனும் மட்டும் இருந்தார்கள் என்பதும், அம்மா போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரே சமையலறை, ஒரே குக்கர். சாதத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள்.

கழுவிய தட்டுகளில் மஞ்சள் நகர்ந்தது. மறுநாள் நீளமான நார்கள் தெரிந்தன. மேடம் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பினார். அடுத்த நாள் காலையில் கைகழுவும் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டு, “நேத்திக்கு அண்ணாகிட்ட பேசினேன்,” என்றார்.

“என்ன பேசினீங்க மேடம்?”

“அம்மாவை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போகலைன்னு கேட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திண்டுட்டான்.” குழாயை மூடினார். “காபி வேணுமான்னு கேட்டிருக்கணும், இல்லையா? எடுத்த எடுப்புல சிவப்பை ஊத்திட்டேன்.”

அதன்பிறகு அவர் கேட்கவுமில்லை, அண்ணன் திறக்கவுமில்லை. அண்ணன்தான் முதலில் இறந்தார். மேடம் அந்த வீட்டில் தனியாகச் சில காலம் இருந்து, பிறகு அவரும் போய்விட்டார். இணைவதற்கு முன் அற்ப விஷயங்கள் போய்வர வேண்டும் என்பதை நிரூபித்தவர்.

இப்போது செம்பூர் வீட்டில் நான் தனி. வாஷியில் இருக்கும் மகன், அவன் அம்மா இறந்ததிலிருந்து, ஞாயிறுதோறும் போனில் கூப்பிடுகிறான். வீட்டை விற்றுவிட்டு அவனோடு வந்துவிட வேண்டும் என்று தொடங்குவான். மாட்டேன் என்பேன். அத்தோடு பேச்சு முடியும். தினமும் அவன் வேலையிலிருந்து வீடு திரும்பும் ரயில் என் ஸ்டேஷனில் நின்றுதான் போகிறது. அவன் இறங்குவதில்லை. நானும் கேட்டதில்லை.

போன வாரம், ஞாயிறு அல்லாத ஒரு நாள் மத்தியானம், நானே கூப்பிட்டேன்.

“என்னாச்சுப்பா? தபியத் டீக்கா? உடம்புக்கு ஏதாவதா?”

“ஒண்ணும் இல்லலே. ரசத்துல உப்பு கூடிப்போச்சு.”

“அதுக்கா போன் பண்ணீங்க?”

“சும்மாதான்.”

“மீட்டிங்ல இருக்கேன்ப்பா. சண்டே பேசலாம்.”

வைத்துவிட்டான். ரசத்தில் வெந்நீர் ஊற்றிக் குடித்தேன். செல்லில் சாய ஊசி போட்ட உடனே எதுவும் தெரியாது என்பது முறைப்படி எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் போனை மேசைமேல் திரை தெரியும்படி வைத்திருந்தேன். பொழுது சாய்ந்தது. விளக்குப் போட எழுந்தபோது திரை ஒளிர்ந்தது.

“மான்குர்த்துல டிரெயின் நின்னுடுச்சுப்பா.”

“ஏம்லே?”

“பதா நஹி, தெரியலப்பா. ஃபேன்கூட ஓடல.” பின்னால் யாரோ இந்தியில் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். “ரசத்தை என்ன பண்ணீங்க?”

“வெந்நீ ஊத்திக் குடிச்சிட்டேன்.”

“அம்மா உருளைக்கிழங்கு போடுவாங்கல்ல?” என்றான். விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பி வாஷி பாலத்தில் ஏறியதும் பேச்சு அறுந்தது.

அறை இருட்டாக இருந்தது. திரையின் வெளிச்சம் இன்னும் அணையவில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை.