நகம் இறங்காத டயர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். டயர் மாற்ற வந்த ஓர் ஆளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சோம்பலாக இருந்தது.

எண்பதுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மனுரேவாப் பகுதியில் டயர் கடையொன்றில் வேலை செய்தேன். வருஷாவருஷம் ஜூன் குளிர் தொடங்கியதும் அந்த யாழ்ப்பாணத்து மனிதர் வருவார். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, நாலு சில்லும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் டர்போ கார். பனியில் வழுக்காத ஸ்நோ டயர் நாலையும் பூட்டச் சொல்லி, மெத்தென்ற ரப்பரில் பெருவிரல் நகத்தை இறக்கிப் பார்ப்பார். குளிர் முடிந்ததும் கழற்றுவார். ஆக்லாந்தில் ஸ்நோ விழுவதில்லை. தெற்கே ஐந்து மணி நேரம் ஓடினால் மலையில் உண்டு.

“அண்ணை, நீங்கள் காரில போறது பக்கத்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும்தானே, அதுக்கோ இந்த டயர்?” என்று பகிடியாகச் சீண்டினேன்.

“ஊரில இருக்கிற மகளுக்கு விசா வந்தா அடுத்த நாளே மலைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். ஸ்நோ பாக்க ஆசைப்படுறாள்.”

“நாலு சில்லும் இழுக்குது, பிறகேன் டயர்?”

“இழுவை கார் வெளிக்கிட்டு ஏறத்தான் தம்பி. இறக்கத்தில நிக்கிறதுக்கு டயர்தான் வேணும். பின்சீட்டில பிள்ளையெல்லே இருக்கும்.”

விசா வராத ஆறாவது குளிர்காலத்தில் டயரில் நகம் இறங்கவில்லை. ரப்பர் இறுகியிருந்தது. புது டயரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூடத் தேயவில்லை.

“ஓடாமலே பழசாகுமோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை.” கையிலிருந்த டயரை உருட்டி ஓரத்தில் சாய்த்தேன்.

“அப்ப புதுசா நாலு பூட்டும்.”

அவர் தனியாக ஓட்டிக்கொண்டு போனதைக் கடையில் என்னோடு வேலை செய்த நண்பனிடம் சொன்னேன். அவன் கேட்டான்:

“ஆறு வருஷமாப் பகிடி விட்டனி, ஒருக்காலாவது மலைக்கு நானும் வாறன் எண்டு சொன்னனியோடா?”