கீச்சுக் குரலில் மேல் ஸ்தாயி

1. படியேறி வந்த புகார்

தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கர்நாடக சங்கீதத்தை ஸ்வரக் குறிப்பாக, அதாவது நொட்டேஷனாக அச்சடிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைச் செய்து இசைப் பள்ளிகளுக்கு விற்றோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அங்கே தர மேலாளர். மற்றவர்கள் வேலை செய்வார்கள். அதை ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம். நடைமுறைக் கையேட்டை எழுதியவன் நான். அதை முழுதாகப் படித்தவனும் நான் ஒருவன்தான் என்பது போகப் போகத் தெரிந்தது.

லிஃப்ட் வேலை செய்யாத ஒரு காலை, வெள்ளைக் கோலும் துணிப்பையுமாக ஒரு பெண் படியேறி வந்து நின்றார்.

"இந்த நொட்டேஷன் சாஃப்ட்வேர் யார் சார் பண்ணது?"

"கம்பெனி பண்ணினதும்மா."

"கம்பெனிக்கு மூஞ்சி கீதா? எனக்குத் தெரியாது, அதான் கேக்குறேன்."

பெயர் ஆரோக்கியமேரி. பட்டினப்பாக்கத்துக்காரர். அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தார். இவர் இசையில் எம்.ஏ. வாங்கி, மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வயலின் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளி எங்கள் சாஃப்ட்வேரை வாங்கியிருந்தது. வாங்கிய கையோடு ஓர் உத்தரவும் போட்டிருந்தது: ஜூன் முதல் ஒவ்வோர் ஆசிரியரும் தன் பாடத்தைத் தானே கம்ப்யூட்டரில் அடித்து, அச்செடுத்துத் தர வேண்டும். முடியாதவர்களுக்கு வகுப்பு கிடையாது.

"இவ்ளோ நாளும் பிரெய்ல்ல எய்தி வச்சிக்கினு சொல்லிக் குடுத்தேன். ஒரு பிள்ளையும் அபஸ்வரமா வாசிக்கல. இப்ப உங்க பொருளு வந்து என் பொயப்புல கை வைக்குது."

பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். ஸ்பீச் பாக்ஸ். கம்ப்யூட்டரோடு இணைத்தால், ஸ்கிரீன் ரீடர் என்ற புரோகிராம் திரையில் உள்ள எழுத்தை அதன் வழியாகப் படித்துச் சொல்லும். எங்கள் புரோகிராமர் பாஸ்கரின் மெஷினில் மாட்டினோம். டாஸின் எழுத்துத் திரையில் இருந்ததையெல்லாம் வெள்ளைக்காரக் குரலில் ஒப்பித்தது. எங்கள் சாஃப்ட்வேரைத் திறந்ததும் ஊமையாகிவிட்டது.

"இது கிராஃபிக்ஸ் மோட், மேடம்," என்றான் பாஸ்கர். "ஸ்கிரீன்ல எழுத்தே இல்ல. எல்லாத்தையும் படமா வரையறோம்."

"அப்ப என்னாண்ட காட்டாதே. படிச்சுச் சொல்ற மாதிரி பண்ணு."

புகாரைப் பதிவு செய்தேன். எங்கள் கையேட்டின்படி, புகார் கொடுத்த வாடிக்கையாளரே சோதித்து ஒப்புக்கொண்டால்தான் அந்தப் புகாரை முடிக்க முடியும். அந்த விதியை எழுதியபோது அதன் பல் இவ்வளவு கூர்மை என்று எனக்கே தெரியாது.

2. எஃப்-9

எங்கள் எம்.டி. ரங்கநாதனுக்குத் தீர்வுகள் நொடியில் தோன்றும். பிரச்சினை என்ன என்று கேட்கிற தாமதம் அவரிடம் இல்லை.

"கண்ணு தெரியாதவாளுக்கு நொட்டேஷன் எதுக்கு, விஸ்வநாதன்? அவாளுக்குத்தான் காது கத்தியா இருக்குமே. டைப் அடிச்சதை அப்படியே வாசிச்சுக் காட்டிட்டாப் போறும்."

பாஸ்கர் ஒரு வாரத்தில் செய்து முடித்தான். ஸ்வரங்களைக் கீபோர்டில் அடித்து எஃப்-9 தட்டினால் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று வாசித்துக் காட்டும். மேரி ஒரு வர்ணத்தை அடித்தார். கேட்டார். ஓரிடத்தில் திருத்தினார். மறுபடி கேட்டுச் சரி என்றார்.

பள்ளியில் செயலாளர் அம்மாளின் முன்னிலையில் அச்செடுத்தோம். வீணை விதுஷி, பள்ளியை நடத்துகிறவர். தாளைக் கையில் எடுத்துப் பாடிப் பார்த்தார். நிஷாதத்துக்குப் பிறகு மேலே ஏற வேண்டிய ஸா தொப்பென்று கீழே விழுந்தது. அடுத்த வரியிலும் அப்படியே. மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தலையில் ஒரு புள்ளி இருக்க வேண்டும். தாள் முழுவதிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

காரணம் எளிது. கீபோர்டில் அடித்த ஸ்தாயி, வாசிக்கும் பட்டியலுக்கு மட்டும் போனது. காகிதத்தில் புள்ளி விழ வேண்டுமானால் மௌஸைப் பிடித்துத் திரையில் வைக்க வேண்டும். பார்க்க முடிந்தவர்கள் அப்படித்தான் வைத்து வந்தார்கள். காதுக்கு ஒரு கணக்கு, காகிதத்துக்கு வேறொரு கணக்கு என்று எங்கள் சாஃப்ட்வேர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேனோல்லியோ," என்றார் செயலாளர். "முடியாதுன்னு சொல்லலை. பாவம், எதுக்குச் சிரமப்பட்டுண்டு? நவராத்திரிக்கு வந்து வாசிக்கட்டுமே."

வெளியே தெருவில் மேரி நின்றார். ஆட்டோ ஒன்று ஹார்ன் அடித்தது, அவர் நகரவில்லை.

"நான் கேட்டதுல தப்பே இல்ல சார். உங்க மெஷினு என் காதுல ஒண்ணு பாடுது, பேப்பர்ல வேற ஒண்ணு அடிக்குது. எனக்கு மட்டும் தனியா ஒரு பொய். பாட்டு கேக்கவா உங்களாண்ட வந்தேன்? எங்க ஊட்டுல ரேடியோ கீது. பேப்பர்ல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

3. கையெழுத்துப் போடாதவன்

அடுத்த வாரம் எம்.டி. புதிய பதிப்பின் அட்டைப்பெட்டி மாதிரியைக் கொண்டுவந்தார். மூலையில் நட்சத்திரம் போட்டு, 'பார்வையற்றோருக்கும் ஏற்றது' என்று அச்சிட்டிருந்தது. வெளியீட்டுக்கு என் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்றேன்.

"ஒரு வரிதானே, சார்."

"ஒரு வரிதான். ஆனா உண்மை இல்லை."

"நீங்க யாருக்கு வேலை பாக்கறேள்?"

"கையேட்டுக்கு. முதல் பக்கத்துல உங்க கையெழுத்தும் இருக்கு."

தரச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தணிக்கையாளர்கள் வரவிருந்தார்கள். முடிக்கப்படாத வாடிக்கையாளர் புகார் ஒன்று கோப்பில் இருப்பதை அவருக்கு நினைவூட்டினேன். மிரட்டல் என்றார். கையேட்டின் பிரிவு எண்ணைச் சொன்னேன். அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாஸ்கருக்கு மட்டும் வேலையைத் தொடரச் சொல்லி அனுமதி வந்தது.

இந்த முறை ஒரே பட்டியல். அதுவே பிரிண்டருக்கும் போகும், அதையே பெட்டியும் படிக்கும். திரையும் கிராஃபிக்ஸை விட்டு, எழுத்தை எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட் மோடுக்கு வந்தது. மேரி உட்கார்ந்து கேட்டார். பெட்டி ஆங்கில உச்சரிப்பில் ஒவ்வொன்றாகச் சொன்னது: மேல் ஸ்தாயி எஸ், கமா, கமா, மேல் ஸ்தாயி ஆர், கமா. எஸ் என்றால் ஸா, ஆர் என்றால் ரி, கமா என்றால் ஸ்வரத்தை நீட்டும் கார்வை.

"இது ஒரு ஆவர்த்தனம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கச்சேரி முடிஞ்சி, கேண்டீன்ல தோசையும் தீந்துடும்," என்றார். பிறகு திடீரென்று, "தம்பி, இந்தப் பெட்டி கீச்சுக் குரல்ல பேசுமா?"

"பிட்ச் மாத்தலாம் மேடம். கமாண்ட் இருக்கு."

"அப்ப மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயின்னு வாயால சொல்றது எதுக்கு? மேல இருந்தா கீச்சுன்னு சொல்லட்டும். கீய இருந்தா கட்டைக் குரல்ல சொல்லட்டும். கமாவுக்கு டிக்குனு ஒரு சத்தம் போதும். மீதிய நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலையே ஓட்டிப் பார்த்தோம். வெள்ளைக்காரர் ஒருவரைக் கிள்ளிக் கிள்ளி வர்ணம் படிக்க வைத்தது போல இருந்தது. ஆபீஸ் முழுவதும் சிரித்தது.

"சிரிங்க, நல்லா சிரிங்க," என்றார் மேரி. இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டவர், கை உயர்ந்த இடத்தில் நிறுத்தினார். "நிறுத்து. இந்த வரில ஒரு கார்வை கம்மி." இருந்தது. அவரே திருத்தினார். அச்செடுத்து நான் திரையோடு ஒப்பிட்டேன். புள்ளிகள் எல்லாம் அவையவை இருக்க வேண்டிய தலைகளின் மேல் இருந்தன.

புகாரை முடிக்க அவர் கையெழுத்து வேண்டும். எம்.டி. ரொம்ப அக்கறையாக மைப்பெட்டியை நகர்த்தினார்.

"ரேகை எதுக்கு சார்? எம்.ஏ. படிச்சவகிட்ட பேனாவக் குடுங்க."

கோட்டுக்குக் கீழே ஸ்கேலை வைத்துப் பிடித்தேன். ஸ்கேலைத் தொட்டுப் பார்த்து, அதன் மேலே முழுப் பெயரையும் எழுதினார்.

4. பெயர் போட்ட விதி

ஜூனில் பள்ளியில் புதிய பதிப்பை நிறுவப் போனேன். எங்கள் ஆபீஸிலேயே அச்செடுத்த மேரியின் தாள்களில் செயலாளரால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே ஒரு விதி கண்டுபிடித்திருந்தார். எங்கள் இருவர் முன்னாலும் படித்தார்: 'ஆரோக்கியமேரியின் தாள்கள், பார்வையுள்ள ஓர் ஆசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வகுப்பில் தரப்படும்.'

மேரி கோலை மடக்கினார், மறுபடி நீட்டினார். பேசினால் வேலையை விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று தெரிந்தது.

"நல்ல விதி மேடம்," என்றேன். "ஒரே ஒரு திருத்தம். அவங்க பேரை எடுத்துட்டு, எல்லா ஆசிரியர்கள்னு போடுங்க. 'பார்வையுள்ள'ங்கறதையும் எடுத்துடுங்க."

"எதுக்கு?"

"ஒருத்தர் பேரைச் சொல்லி எழுதினா அது விதி இல்லை, தண்டனை. தண்டனைன்னா குற்றம் என்னன்னு எழுதணும். அவங்க தாள்ல எங்க தப்புன்னு காட்டுங்க, நானே எழுதித் தரேன்."

தாள் அவர் கையிலேயே இருந்தது. மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு எல்லோருக்கும் பொதுவான விதிதான் பிடிக்கும் என்று சேர்த்துச் சொன்னேன். பொய்யில்லை. பேனாவை எடுத்து அந்த இரண்டையும் அடித்துத் திருத்தினார்.

தாளைச் சரிபார்க்கச் சொல்லி மேரியிடம் முதலில் வந்தவர் வாய்ப்பாட்டு வாத்தியார். ரிப்பன் தேய்ந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அச்சில் புள்ளி எது, தூசி எது என்று அவருடைய மூக்குக் கண்ணாடிக்குத் தெரியவில்லை. "மேரி, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்." கீச்சுக் குரல் யார் காதுக்கும் தப்பாது. பிறகு புல்லாங்குழல்காரர். தீபாவளிக்கு முன்னால் நான் பராமரிப்புக்குப் போனபோது, தெருவிலேயே பெட்டியின் சத்தம் கேட்டது. மேரியின் மேசையில் எல்லோருடைய தாள்களும் இருந்தன. எதிரே செயலாளர் நின்றிருந்தார்.

"மேடம், மூணாவது வரில உங்க மேல் ஸா கீய எறங்கிடுச்சி. திருத்திக் குடுங்க, அப்பால கையெய்த்துப் போடுறேன்."

செயலாளர் தாளை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போனார்.

இதில் கற்றதைக் கையேட்டின் அடுத்த திருத்தத்தில் சேர்த்தேன்: யாருக்காகவும் தனி வழி போடாதே, தனி வழியில் ஓடும் தப்பை மற்றவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள். எழுதிய இரண்டாவது வாரமே எம்.டி. அதை மீறப் பார்த்தார். அதனால் அது நல்ல விதி என்று தெரிந்துகொண்டேன்.

அட்டைப்பெட்டி வாசகம் மட்டும் பாக்கி. வாடிக்கையாளர் ஒப்புதல் வேண்டுமே என்று மேரியிடமே படித்துக் காட்டினேன். 'பார்வையற்றோருக்கும் ஏற்றது.'

"அந்த 'கும்' எனக்கு எதுக்கு சார்? இப்ப அவங்கதான என்னாண்ட வராங்க? பார்வை உள்ளவங்களுக்கும் ஏற்றதுன்னு போடுங்க."

அப்படியே எழுதி எம்.டி.யிடம் அனுப்பினேன். சிவப்பு மையில் அதை அடித்து, பழையதை எழுதித் திருப்பி அனுப்பினார். நான் பழைய வாசகத்தை அடித்துத் திருப்பி அனுப்பினேன். கடைசியில் அந்த மூலையில் நட்சத்திரம் மட்டும், உள்ளே எழுத்தே இல்லாமல், அச்சாகி வந்தது. அதற்குக் கையெழுத்துப் போட்டேன்.