ஓட்டை இல்லாத காது

தாயாரம்மாள் காவாந்தண்டலத்தை விட்டுப் பட்டணத்துக்குப் புறப்பட்டது 1978ஆம் வருஷம், ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் அதுவுமாக வீட்டுப் பெண்பிள்ளை வெளியூர் போவதாவது என்று அவளுடைய நாத்தனார் ஆண்டாளம்மாள் தடுத்துப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் காதைச் சரிபண்ணுகிற டாக்டர் புதன்கிழமைதான் புது ஆட்களைப் பார்ப்பார் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"சாமிக்கு கெழம பாத்தது போயி டாக்டருக்கு கெழம பாக்கறீங்களா?" என்றாள் ஆண்டாளம்மாள்.

தாயாரம்மாள் முந்தானையை இழுத்து வலது காதை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கல்யாணத்தன்று காதில் ஏறிய கல் வைத்த கம்மலை அவள் இருபது வருஷத்துக்கு மேல் கழற்றியதே இல்லை. கனம் தாங்காமல் வலது காதின் ஓட்டை வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஓர் அறுவடையில் தலையிலிருந்த நெற்கட்டை இறக்கும்போது கம்மல் அதில் மாட்டி, கம்மல் தொங்கும் சதை இரண்டாகப் பிளந்தது. கம்மல் களத்திலேயே கிடைத்துவிட்டது. காதுக்குத்தான் வழியில்லை.

ஊரில் அதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது: மூளி. விளிம்பு உடைந்த பானைக்கும் அந்தப் பெயர்தான். மூளிக் காதுக்காரி சுபகாரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்பது ஆண்டாளம்மாளின் சட்டம். மூத்த மகள் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சந்தனம் பூசி நலங்கு வைத்தது ஆண்டாளம்மாள். பெற்றவள் கொல்லையில் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். இப்போது இளையவள் கனகாவுக்கு ஆவணிக் கடைசியில் முகூர்த்தம். இவளுக்காவது தன் கையால் நலங்கு வைக்க வேண்டும் என்பதைத் தவிர தாயாரம்மாளுக்கு வேறு கோரிக்கை கிடையாது.

நான் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முந்தின மாதம்தான் திரும்பியிருந்தேன். ஊர் சுற்றியவளுக்கு எல்லா ஆஸ்பத்திரியும் தெரியும் என்று தெருவே முடிவு செய்து என்னை அவளோடு அனுப்பிவைத்தது. போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயர் பிளாஸ்டிக் சர்ஜரி என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான் பிசகு. காஞ்சிபுரம் சந்தையிலிருந்து பிளாஸ்டிக் குடங்கள் எங்கள் ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

"இன்னாமே, அடுப்பாண்ட குந்தினா காது உருகிடாதா?" என்று கேட்டார் அவள் புருஷன் வேதகிரி.

"பச்சையா, செகப்பா? நம்ம நெறத்துல கொடமே வரலியே, காது மட்டும் எப்டி வரும்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்ன வேலைதான் என்றார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றும் கேட்டார். அந்த அம்மாளுக்கு எங்கள் தாலுகாவைப் பற்றித் தெரியாது.

"மயக்கம் குடுப்பீங்களா?" என்று ஆரம்பித்தாள் தாயாரம்மாள்.

"காது மட்டும் மரத்துப் போக ஊசி போடுவோம். நீங்க முழிச்சிக்கிட்டே இருக்கலாம்."

"தழும்பு தெரியுமா?"

"மெல்லிசா ஒரு கோடு இருக்கும். நாளாக ஆக மங்கிடும்."

"எண்ண தேச்சி முழுவலாமா? கருவாடு துன்னலாமா? கத்திரிக்கா?"

"தையல் பிரிக்கிற வரைக்கும் காதை நனைக்காதீங்க. கருவாடு உங்க இஷ்டம்."

கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "எந்த ஊரு பிளாஸ்டிக்கும்மா வெப்பீங்க?" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் என்றால் உருவம் கொடுப்பது என்று அர்த்தம், உள்ளே எதையும் வைப்பதில்லை, பிளந்த ஓரங்களைச் சீவிச் சேர்த்துத் தைப்பதுதான் என்று பொறுமையாக விளக்கினார். தாயாரம்மாளின் முகம் தொங்கிப்போனது.

"வெறும் தையலா? இதுக்கா இம்மாந்தூரம் வந்தேன்? எங்கூரு டைலரே போட்டிருப்பானே!"

மறுநாள் தையல் நல்லபடியாக முடிந்தது. புறப்படும்போதுதான் டாக்டரம்மா இடியை இறக்கினார். பிளவை முழுக்க மூடியாகிவிட்டது. காதில் இப்போது ஓட்டை கிடையாது. மூன்று மாதம் கழித்துத்தான் குத்த வேண்டும், அதுவும் தழும்பின் மேல் குத்தக்கூடாது, கனமான கம்மல் கூடவே கூடாது. கல்யாணம் அடுத்த மாதம்.

ஊரில் இறங்கியதும், காதைச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துக் கூடியவர்களிடம் அவள் சொன்னது, "அசல் பாரின் பிளாஸ்டிக்கு. உருகாதாம்." வெறும் தையல் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. நானும் மறுக்கவில்லை.

ஆண்டாளம்மாள் மட்டும் கட்டை லேசாக விலக்கிக் குனிந்து பார்த்தாள். "ஓட்டையக் காணோமே!"

"மூணு மாசம் போவணுமாம் அண்ணி."

"அப்போ இது காது குத்தாத காது. கைக்கொழந்த காது. கைக்கொழந்த எங்கியாவது நலங்கு வெக்குமா?"

மூளியாக இருந்தவள் ஒரே ஆபரேஷனில் பச்சைக் குழந்தையாகிவிட்டாள். இரண்டு பேருக்குமே நலங்கில் இடமில்லை. வேதகிரி, "வுட்டுத்தள்ளுமே, பேஜாரு. யாரு சந்தனம் பூசினா இன்னா, மணக்காதா?" என்று கேட்டுவிட்டு அன்று தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மா வழக்கம்போல் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். தாயாரம்மாள் முழு வலது காதையும் விரலால் மேலிருந்து கீழாகத் தடவிக் காட்டினாள்.

"கீழத்தான தெச்சீங்க? மேல ஒண்ணும் பண்ணலியே? மேல குத்தினா உங்க தையலுக்கு இன்னா ஆவும்?"

டாக்டரம்மா யோசித்தார். "தையலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மேல இருக்கிறது குருத்து. சீழ் பிடிச்சா சீக்கிரம் ஆறாது. ஊசியைக் கொதிக்க வெச்சுக் குத்தச் சொல்லுங்க. குத்தின கையோட துளைக்குள்ள வளையம் போடுங்க, கனமே இருக்கக்கூடாது."

இத்தனை நாள் அவள் கேட்ட கேள்விகளில் இது ஒன்றுக்குத்தான் டாக்டரம்மா யோசித்துப் பதில் சொன்னார்.

நலங்கன்று காலையில் அம்மன் கோயில் வாசலில் பெண்ணுக்கு முன்னால் பெண்ணின் தாய்க்குக் காதுகுத்து நடந்தது. சட்டம் ஆண்டாளம்மாளுடையது என்பதால் தாய்மாமன் மடி கட்டாயம். ஐயங்கார்குளத்திலிருந்து மாமன் சடையப்பனைக் கட்டை வண்டியில் கூட்டி வந்தார்கள். அவர் முழங்கால் இரண்டும் எண்ணெய்த் துணிக்குள் இருந்தன.

"நான் குந்தினா எழுப்பவே நாலு ஆளு வோணும். இதுல இவள வேற தூக்கி மடியில வெச்சிக்கணுமா?" என்றார் அவர்.

"மடின்னா மடிதான். மொதல்ல மொட்ட, அப்பாலதான் காது. அதான் மொற" என்றாள் ஆண்டாளம்மாள்.

"மொட்டையெல்லாம் எனக்கு அஞ்சு வயசுலியே ஆச்சு அண்ணி. காதத்தான் புச்சா தெச்சாங்க, முடிய யாரும் தெக்கலியே!"

கூட்டம் சிரித்தது. மணப்பெண் கனகா மஞ்சள் முகத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் மாமன் கீழே உட்கார, மருமகள் அவர் மடியில் தலையை மட்டும் வைத்துப் படுத்தாள். ஊசி கொதித்ததைக் காது குத்த வந்த நகைப் பத்தர் ஓர் அவமானமாக எடுத்துக்கொண்டு, மேல் காதில் குத்தி மெல்லிய தங்க வளையம் ஒன்றை மாட்டினார். தாயாரம்மாள் குழந்தைக்குக் குறைவில்லாமல் கத்தினாள். சடையப்பன் அவள் வாயில் வெல்லம் போட்டார்.

ஓட்டை இருக்கிறது, பொன் இருக்கிறது. மூளியும் இல்லை, குழந்தையும் இல்லை. ஆண்டாளம்மாளின் சட்டத்தில் இதற்குப் பிரிவு எதுவும் இல்லாததால் அவள் ஒதுங்கி வழிவிட்டாள். தாயாரம்மாள் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். மகள் கன்னத்தில் பூச வேண்டியதைக் கழுத்து, கை, முழங்கை என்று மூத்தவளுக்கும் சேர்த்துப் பூசினாள். போதும் என்று கனகாதான் அவள் கையைப் பிடித்தாள்.

தைப் பொங்கல் தாண்டுவதற்குள் எனக்கு ஊர் மறுபடியும் போதுமென்றாகிவிட்டது. கிளம்பும்போது தாயாரம்மாளின் கீழ் காதில் ஓட்டை போட்டிருக்கவில்லை. அறுவடை முடியட்டும் என்றாள்.

ஜபல்பூரில் இருந்தபோது, இரண்டு வருஷம் கழித்து, கனகா கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுவதாக மேலே போட்டிருந்தாள்.

"கண்ணு, சௌக்கியமா? கீழ் காது நீ பாத்த மாதிரியே கீது. மூணு மாசம்னு டாக்டரம்மா சொன்னாங்க, வருசமே ரெண்டு போயிடுச்சி. பத்தரு ரெண்டு வாட்டி வந்தாரு, மோர் குடுத்து அனுப்பிட்டேன். கண்ணாடில பாத்தா எவ்ளோ வழவழன்னு கீது தெரியுமா? இதுல போயி யாராவது ஓட்ட போடுவாங்களா?"