முழங்கால் படம்

செய்தி வந்தபோது காலை பத்தேகால். ஸ்கேன் சென்டரின் சர்வர் அறையில் மாமாவுக்காகக் காத்திருந்தேன். போனில் அக்கா, "மாமா எழுந்திரிக்கலடா" என்றாள்.

"தண்ணி தெளிச்சு எழுப்பு. இங்க புது சர்வர் அவருக்காகக் காத்துக் கெடக்கு" என்று சிரித்தேன். "தெளிச்சுப் பார்த்துட்டேன்டா" என்றாள் அவள்.

மாமா என் அக்காவின் கணவர். சென்டரில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நகல் வைப்பது அவர் பொறுப்பு. நான் அவருக்குத் துணை. எந்த நகல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பது ஒரு டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். அது போனால் நகல்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வீட்டிலும் அதே ஆள். எதை வாங்கினாலும் இரண்டு. குடை, மூக்குக்கண்ணாடி, டார்ச். "பொண்டாட்டிக்கு மட்டும் ஏன் பேக்கப் வைக்கல?" என்று அக்கா சீண்டுவாள். "ஒண்ணையே சமாளிக்க முடியல தாயே" என்று கும்பிடுவார்.

எந்த மாற்றம் செய்தாலும், கடைசியில் ஒரு படத்தை நகலிலிருந்து மீட்டு, சோதனை ஃபோல்டரில் போட்டுத் திறந்து பார்ப்பார். எப்போதும் ஒரே படம். மாடிப்படியில் வழுக்கி விழுந்தபோது இங்கேயே எடுத்த அவருடைய முழங்கால். "பாரு மாப்ள, என் முழங்காலுக்கு இருக்கிற பாதுகாப்பு எந்த மந்திரிக்கும் கிடையாது." பார்த்த கையோடு அந்த நகலை அழித்துவிடுவார். நான் அழிக்க மறந்தால், "சாப்பிட்ட தட்டை அப்படியே வச்சுட்டுப் போவியா?" என்பார்.

பழைய லினக்ஸ் சர்வர் தள்ளாடத் தொடங்கியதால் டேட்டாபேஸைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாலை, "அசதியா இருக்குடா, மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பியவர்தான்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குக் கிளம்பிய அன்று அக்கா வாசல்வரை வந்தாள்.

"உங்க மேனேஜர் துக்கம் விசாரிக்க வந்தாரு. மாமா மாத்துறேன்னு போயி எல்லாத்தையும் கெடுத்துட்டாராம். பழைய படம் ஒண்ணும் வராதாம். நெஜமாடா?"

"பார்த்துட்டு வந்து சொல்றேன்க்கா."

"எனக்காகப் பொய் சொல்லாத."

பழைய சர்வர் அதற்குள் ஒரேயடியாக நின்றுபோயிருந்தது. வெளியிலிருந்து வரவழைத்த இன்ஜினியர் புதியதன்முன் உட்கார்ந்திருந்தார். "டேட்டாபேஸ் ஸ்டார்ட்டே ஆகல சார். அழிச்சுட்டு முதல்லேர்ந்து போட்டுடலாம்."

"கொஞ்சம் எழுந்திரிங்க" என்றேன்.

சர்வரின் பிழைப் பதிவில் 'அனுமதி இல்லை' என்றே திரும்பத் திரும்ப வந்திருந்தது. டேட்டாபேஸின் கோப்புகள் அத்தனையும் டேட்டாபேஸின் பெயரில் இல்லாமல், சர்வரின் தலைமைக் கணக்கான ரூட் பெயரில் இருந்தன. அது கோளாறு இல்லை, மாமாவின் பூட்டு. முன்பொரு முறை பாதி மாற்றும்போதே யாரோ அவசரப்பட்டு டேட்டாபேஸை இயக்கி எல்லாம் குழம்பிப்போனது. அதிலிருந்து, தான் சரிபார்த்து முடிக்கும்வரை கோப்புகளை ரூட் பெயரில் வைத்துவிடுவார். டேட்டாபேஸால் அவற்றைத் தொட முடியாது.

ஆனால் சரிபார்க்க அவர் வரவில்லை. உள்ளே இருப்பது முழுசா, பாதியா என்று சொல்ல ஆளில்லை.

அவர் இருந்தால் செய்வதுபோலவே முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்தேன். பிறகு கோப்புகளை டேட்டாபேஸின் பெயருக்கு மாற்றினேன். அது எழுந்துகொண்டது. பேக்கப் மென்பொருள் மட்டும் செத்துப்போன பழைய சர்வரின் முகவரியையே தேடிக்கொண்டிருந்தது. அதையும் திருத்திவிட்டு, முழங்காலைக் கேட்டேன்.

வந்தது. வெள்ளை எலும்பு, அதில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், மூலையில் மாமாவின் பெயர்.

"யாரோட காலு சார்?" என்றார் இன்ஜினியர்.

"இதைக் கெடுத்துட்டாருன்னு சொல்றாங்களே, அவரோடது."

வேறு படங்களையும் கேட்டுப் பார்த்தேன். கேட்டதெல்லாம் வந்தது. மேனேஜரிடம் போகுமுன் அக்காவைக் கூப்பிட்டேன்.

"கெடுக்கலக்கா. பத்திரமாப் பூட்டி வச்சுட்டுப் போயிருக்காரு."

 "முழங்கால் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சுக்கா."

சோதனைக்கு மீட்ட நகலை அழிக்க வேண்டும். அது இன்னும் அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது.